சேம அச்சு முதல் குட்டியானை வரை: சுமைவண்டித் தட்டின் கதை

மாசி மகத்துக்குத் திருமுட்டம் பூவராகர் கடலாட வரும் ஊர் என்று கிள்ளையைப் பக்தர் அறிவர். பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டுக்குப் போகும் வழி என்று சுற்றுலாப் பயணியர் அறிவர். நாம் இக்கட்டுரையில் காட்ட விரும்புவது இவ்விரண்டும் அல்லாத மற்றொரு கிள்ளையை. முடசல் ஓடையில் படகுகள் கரை சேரும் நேரத்தில் அங்கே வரிசை கட்டி நிற்கும் சிறு சுமைவண்டிகளின் பின்புறத்தைச் சற்று உற்றுநோக்குங்கள். பெரிய வரலாறு ஒன்று அங்கே துருப்பிடித்துக் கிடக்கிறது.

ஒரு வண்டியின் பக்கப் பலகையில் வரிசையாகக் கொக்கிகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். இன்னொன்றில் பின்கதவைத் தாங்கும் சங்கிலிக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சட்டையாக மாட்டியிருப்பார்கள். திறந்து மூடும்போது ஓசை எழாது, வண்ணமும் உராய்ந்து போகாது. மூன்றாவதில் தட்டின் மூலையில் துளையிட்டுக் குழாய் பொருத்தியிருப்பார்கள். பனிக்கட்டி உருகிய நீர் அதன் வழியே வடியும். இவற்றுள் தொழிற்சாலையிலிருந்து வந்தவை எவை, உள்ளூர்ப் பட்டறையில் பிறந்தவை எவை என்று பிரித்தறிவது கடினம். ஓட்டுநர்கள் இப்பகுதியைப் 'பாடி' என்றே சொல்கின்றனர். நாம் இங்கே தட்டு என்று வழங்குவோம்.

சுமைவண்டியின் தட்டில் செய்யப்படும் இத்தகைய சின்னஞ்சிறு வசதிகள் உண்மையிலேயே பயன் உடையனவா, அல்லது விற்பனைக்கான அலங்காரங்களா என்பது வண்டி வாங்குவோர் எங்கும் எழுப்பும் வினா. இவ்வினாவுக்கு இலக்கியம் பயில்வோர் சொல்லத்தக்க விடை ஒன்று உண்டு. ஏனெனில் சுமைவண்டியின் தட்டைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகள் சிலவற்றைப் பாதுகாத்து வைத்திருப்பது நம் மொழி.

உமணர் வண்டி

புறநானூற்றின் 102ஆம் பாட்டு ஒளவையார் பாடியது. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் புகழ்வது. உப்பு வணிகர்களான உமணர் வண்டியில் மிகுந்த பாரம் ஏற்றிப் புறப்படுகின்றனர். எருதுகளோ இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வழியில் பள்ளத்தில் இறங்க நேரலாம், மேட்டில் ஏற நேரலாம். என்ன நேருமென்று யாருக்குத் தெரியும்? ஆகவே அவர்கள் மற்றோர் அச்சையும் வண்டியின் அடியிலுள்ள மரத்தில் கட்டி எடுத்துச் செல்கின்றனர். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்கிறார் புலவர்.

வகுப்பறைகளில் இப்பாட்டைப் பயிற்றும்போது உவமேயத்திலேயே, அதாவது மன்னனிடத்திலேயே, நாம் தங்கிவிடுகிறோம். வண்டி வெறும் உவமையாகிக் கரைந்து போகிறது. ஆனால் ஒளவையார் அச்சு எங்கே கட்டப்பட்டிருந்தது என்பதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். வண்டியின் மேலே அன்று, அடியில். மேலே வைத்தால் உப்பு ஏற்றும் இடம் குறையும், முழுச் சுமையையும் இறக்கினால்தான் அச்சை எடுக்க முடியும். அடியில் கட்டினால் இடமும் மிச்சம், எடுப்பதும் எளிது. இன்றைய சுமையுந்துகளில் மாற்றுச் சக்கரம் தட்டுக்கு அடியில் தொங்குவதும் இதே காரணத்தால்தான்.

பெரும்பாணாற்றுப்படை இன்னும் விரிவானது. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட இந்நூலில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உமணர் வண்டியை ஏறக்குறைய ஒரு தச்சரின் கண்ணோடு பார்க்கிறார். சக்கரம், ஆரக்கால், பாரின் கனம், மேலே வேய்ந்த கூரை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்து, பின்னர் வண்டியில் பொருத்தியவற்றுக்கு வருகிறார். கோழி அடைவதற்குக் கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. முன்புறத்து மூக்கில் காடி வைத்த கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது. குழந்தையை உடைய பெண் ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பந்தழை மாலை அணிந்த ஆடவர் இருமருங்கும் காவலாக நடந்து வருகின்றனர்.

இதைப் படிக்கும்போது நமக்குத் தோன்றுவது இதுதான். அந்த வண்டியில் தேவையற்ற பொருள் ஒன்றுகூட இல்லை. ஆயினும் உப்புச் சுமக்க இன்றியமையாத பொருளும் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. உரல் இல்லாவிடினும் உப்பு போய்ச் சேரும். காடிக்கலம் இல்லாவிடினும் சேரும். இவை உப்புக்கான வசதிகள் அல்ல, உப்பைக் கொண்டு செல்லும் மனிதர்க்கான வசதிகள். பல நாள் வழியில் குடும்பமே உடன் வருகிறது. குத்துவதும் உண்பதும் உறங்குவதும் வண்டியைச் சார்ந்தே நடக்கின்றன. சிறுபாணாற்றுப்படையிலோ உமணரோடு குரங்கு ஒன்றும் வந்து அவர்தம் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. அந்நூலின் தலைவனான நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு நம் கடலூர்க் கரைக்கு வடக்கே, இன்றும் மரக்காணத்தில் உப்பு விளையும் அதே கரையில்தான் இருந்தது.

உமணர் வண்டி வரிசைக்கு 'ஒழுகை' என்று பெயர். வண்டிக்குச் சகடம், சாகாடு, பண்டி என்று பல பெயர்கள். பண்டியே பின்னாளில் வண்டி ஆயிற்று. திருவள்ளுவர் மயில்தோகையை ஏற்றினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று சொல்வதற்கும் அச்சாணியின் சிறுமையைப் போற்றுவதற்கும் வண்டியையே எடுத்துக்கொண்டார். அரசியலும் அறமும் பேசிய ஒரு சமுதாயம் அவற்றுக்கான அளவுகோலைச் சுமைவண்டியிலிருந்து எடுத்திருக்கிறது என்பது எண்ணத்தக்கது.

முளைக்குழி

சிதம்பரம் வட்டத்தில் டிராக்டர் பெருகுவதற்கு முன்பு நெல்லும் வைக்கோலும் எருவும் செங்கல்லும் பாரவண்டியில்தான் சென்றன. இவ்வண்டியின் தட்டு வெறும் சட்டம். ஏர்க்காலின் நீட்சியாக நடுமரம், இருபுறமும் பக்கமரம், குறுக்கே பட்டியல்கள், மேலே பலகை அல்லது மூங்கில் பரப்பு. அவ்வளவே. ஆனால் பக்கமரங்களில் இடைவெளி விட்டுத் துளைகள் இருக்கும். அவற்றில் முளைக்கம்புகளைச் செருகுவர். இந்தத் துளைதான் வண்டியின் உயிர் என்று நாம் சொல்வோம்.

ஏனெனில் துளையில் எதைச் செருகுகிறோமோ அதற்கேற்ப வண்டி மாறும். நெல் மூட்டை ஏற்றக் குட்டை முளைகள் போதும். வைக்கோல் ஏற்றும்போது ஆள் உயரத்துக்கும் மேலான கம்புகளை நட்டு, சுமை இருபுறமும் பிதுங்கக் கட்டுவர். எரு அடிக்கும்போது முளைகளுக்கு உள்ளே படலைச் சுற்றி வைத்தால் வண்டி தொட்டியாகிவிடும். திருவிழாவுக்குப் போக வேண்டுமா? கம்பை வளைத்துப் பாயைப் போர்த்தினால் கூண்டு; கீழே வைக்கோலைப் பரப்பி மேலே சமுக்காளம் விரித்தால் மெத்தை. ஒரே தட்டு, நான்கு வண்டி. வண்டியின் அடியில் சாக்கைத் தொட்டில்போல் கட்டி மாட்டுக்கான வைக்கோலையும் தவிட்டையும் அதில் வைப்பர். அரிக்கேன் விளக்கும் அங்கேயே தொங்கும். ஒளவையார் கண்ட அடிமரம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் வேலையின்றி இருக்கவில்லை.

இவ்வசதிகளைக் கண்டுபிடித்தவர் பெயர் எதுவும் நம்மிடம் இல்லை. ஊர்த் தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்தனர். வண்டிக்காரர் சொன்ன குறையைக் கேட்டு அடுத்த வண்டியில் திருத்தினர். செய்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே தெருவில் இருந்ததால் பயனற்ற வசதி என்று ஒன்று நெடுநாள் நிலைக்க இயலவில்லை. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி மாட்டுவண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று பல்லாண்டு வாதாடினார். மேலாண்மை பயிற்றும் உயர்கல்விக்கூடத்தின் தலைவர் மாட்டுவண்டியைப் பற்றிப் பேசுவதைச் சிலர் நகைப்புக்குரியதாகக் கருதியதும் உண்டு. நமக்கு அந்நகைப்பு இல்லை.

1925, ஏப்ரல்

இப்போது கடல் கடந்து செல்வோம். அமெரிக்காவில் உழவர் பலர் போர்டு நிறுவனத்தின் 'டி' மாதிரிக் காரை வாங்கிப் பின்பகுதியை அறுத்தெடுத்து மரப்பெட்டி ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தனர். அவர்கள் செய்ததைப் பார்த்துத்தான் நிறுவனமே 1925ஆம் ஆண்டு ஏப்ரலில் பெட்டியோடு கூடிய வண்டியை 281 டாலர் விலைக்கு வெளியிட்டது. தொழிற்சாலையிலிருந்து முழுமையாக வந்த முதல் பிக்கப் என்று இதனையே பெரும்பாலும் குறிப்பிடுவர். பெட்டி 56 அங்குல நீளம், ஏறக்குறைய 40 அங்குல அகலம், 13 அங்குல ஆழம்.

அந்த முதல் பெட்டியில் இருந்த வசதிகள் யாவை? ஏற்றி இறக்கத்தக்க பின்கதவு ஒன்று. கனமான பின் வில்தகடுகள். பிறகு, பக்கங்களில் முளைக்கம்பு செருகுவதற்கான நான்கு குழிகள்.

கம்பு செருகும் அந்த நான்கு குழிகளைப் பற்றி முதன்முதலில் படித்தபோது நாம் வியந்து போனோம். சிதம்பரத்துத் தச்சர் டெட்ராய்ட்டுக்குப் போகவில்லை, டெட்ராய்ட்டார் இங்கு வரவுமில்லை. ஒருவர் மற்றவரிடமிருந்து கற்றார் என்று சொல்வதற்கு இடமே கிடையாது. (எல்லாம் நம்மிடமிருந்தே போயின என்று முழங்குவோருக்கு இக்கட்டுரை உதவாது.) சுமை என்பது எங்கும் ஒன்றே, அது சரியும், பிதுங்கும், இன்று மூட்டையாகவும் நாளை வைக்கோலாகவும் வரும். அதனைக் கையாண்ட கைகள் உலகின் இரு கோடிகளிலும் ஒரே விடைக்கு வந்து சேர்ந்தன என்பதுதான் இதில் உள்ள செய்தி.

அமெரிக்கப் பிக்கப்பின் பிற்கால வரலாறு வேறு திசையில் சென்றது. தொடக்கத்தில் தட்டுகள் மரப்பலகையால் ஆனவை. பலகைகளுக்கிடையே இரும்புப் பட்டைகள் ஓடும், சுமை அவற்றின்மீது வழுக்கிச் செல்லும். பின்னர் முழு எஃகுத் தட்டு வந்தது. வண்டி உழவரின் கையிலிருந்து நகரத்தார் கைக்கு மாற மாற, சக்கரம் பெரிதாயிற்று, தட்டின் உயரம் கூடிற்று, பக்கச் சுவர் ஓங்கிற்று. கடைசியில் சராசரி உயரமுள்ளவர் தரையில் நின்று தட்டில் உள்ளதை எடுக்க இயலாத நிலை. அப்போது போர்டு நிறுவனம் தன் 2008ஆம் ஆண்டு மாதிரியில் பின்கதவுக்குள்ளிருந்து இழுத்து விரிக்கும் படியையும் பிடித்து ஏறுவதற்குக் கைப்பிடியையும் அமைத்தது. ஜி.எம்.சி. நிறுவனம் 2019ஆம் ஆண்டு மாதிரியில் ஆறு விதமாக மடியும் பின்கதவைக் கொணர்ந்தது. இவை பயனுள்ளவையே. ஆனால் வண்டியை உயர்த்தியவரே ஏணியையும் விற்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். தாழ்ந்த தட்டுக்குப் படி எதற்கு?

ஜப்பானியர் இதற்கு நேர்மாறானவர். அவர்களுடைய கெய் வகைச் சிறு சுமையுந்தின் நீளம் 3.4 மீட்டருக்கும் அகலம் 1.48 மீட்டருக்கும் மிகாது. எந்திரம் 1990 முதல் 660 சி.சி. அளவுக்குள் இருக்க வேண்டும். இவ்வளவு சிறிய வண்டியின் தட்டு மூன்று பக்கமும் மடிந்து தாழும். பக்கங்களில் நெடுகக் கயிறு கட்டும் கொக்கிகள். ஓட்டுநர் அறைக்குப் பின்னே இரும்புச் சட்டம் ஒன்று நிற்கும். நீண்ட கம்புகளை அதன்மேல் சாய்த்துக் கட்டலாம், சுமை முன்னே பாய்ந்தால் அதுவே தடுக்கும். ஆரவாரமே இல்லாத வசதிகள். வயல் வரப்பிலும் மீன் சந்தையிலும் வேலை செய்வதற்கென்றே ஆனவை. கிள்ளைக்கு அமெரிக்காவைவிட ஜப்பான் அண்மையது என்பது நம் கருத்து.

குட்டியானை

இந்தியாவில் சிறு சுமையுந்தின் கதை 1958இல் தொடங்கிய பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் மூன்று சக்கர வண்டியோடு ஊர்களுக்குள் நுழைந்தது எனலாம். டெம்போ என்னும் நிறுவனப் பெயரே நம் மக்கள் வழக்கில் எல்லாச் சிறு சுமையுந்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. 1986இல் டாட்டா 407 வந்தது. ஆனால் மீன்கரையின் முகத்தையும் காய்கறிச் சந்தையின் முகத்தையும் மாற்றியது 2005ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த டாட்டா ஏஸ். ஆழிப்பேரலை கிள்ளையின் தீவுக் குப்பங்களைச் சூறையாடி அப்போது ஐந்து மாதமே ஆகியிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. நம் நினைவில் அவை அடுத்தடுத்து நிற்கின்றன, அவ்வளவே.

இரண்டு உருளை கொண்ட 702 சி.சி. டீசல் எந்திரம், 750 கிலோ சுமை, 12 அங்குலச் சக்கரம், விலை சுமார் இரண்டேகால் இலட்சம் ரூபாய். வடக்கே சின்ன யானை என்றனர். நாம் குட்டியானை என்றோம். வடிவமைப்புக் குழுவினர் மூன்று சக்கர வண்டி ஓட்டுவோரிடம் சென்று என்ன வேண்டும் என்று கேட்டபோது, நான்கு சக்கர வண்டி இருந்தால் திருமணத்துக்குப் பெண் கிடைப்பது எளிதாகும் என்று ஒருவர் சொன்னதாகக் கூறுவர். பின்கதவு, கொக்கி என்றெல்லாம் எதிர்பார்த்துச் சென்றவர்க்கு இவ்விடை வியப்பளித்திருக்கும்.

குட்டியானையின் முதன்மையான வசதி அதன் தாழ்வு. சக்கரம் சிறியதாகையால் தட்டு தரைக்கு அருகே இருந்தது. மீன் கூடையைத் தலையில் சுமந்து வரும் பெண் பிறர் உதவியின்றி அதை அப்படியே தட்டில் இறக்கலாம். விளம்பரத்தில் இதனை வசதி என்று யாரும் எழுதுவதில்லை; ஆனால் ஒரு நாளில் பலமுறை கூடை இறக்குபவரின் கழுத்தைக் கேட்டுப் பார்த்தால் தெரியும். 2011இல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்டின் தோஸ்த் ஒன்றேகால் டன் சுமந்தது. சுமை கூடியது, தட்டும் உயர்ந்தது. மீன் வியாபாரிகளுள் பலர் இன்னமும் குட்டியானையையே விரும்புவதற்கு விலை மட்டுமே காரணமன்று.

மற்றபடித் தொழிற்சாலை தந்த தட்டு வெறும் தகரப்பெட்டிதான். எஞ்சியதை உள்ளூர்ப் பட்டறை செய்தது. லாரிக்குக் கூடு கட்டுவதில் நாமக்கல் பெயர் பெற்றது போலவும் பேருந்துக்குக் கரூர் பெயர் பெற்றது போலவும், குட்டியானைக்கு ஒவ்வொரு வட்டத்திலும் பெயரில்லாத பற்றவைப்புப் பட்டறை ஒன்று உண்டு. கடற்கரையில் அவர்களுடைய முதல் பகை உப்பு. மீன் சுமந்த பனிநீர் தட்டின் மடிப்புகளில் தங்கினால் சில ஆண்டுகளில் தகரம் அப்பளமாகிவிடும். ஆகவே புள்ளிக்கோலம் போன்ற மேடு உடைய அலுமினியத் தகட்டை அடியில் விரிக்கின்றனர். மேட்டின் இடுக்கில் நீர் ஓடும், பெட்டி வழுக்காது, கால் வழுக்காது. மூலையில் வடிகுழாய் வைக்கின்றனர். சாலையில் மீன்நீர் சிந்தினால் பின்னால் வரும் இருசக்கர வண்டி சறுக்கும் என்பதால் குழாயின் முனையில் கேன் ஒன்றைத் தொங்கவிடுவோரும் உளர்.

2005இல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட ரிட்ஜ்லைன் பிக்கப்பின் தட்டுக்கு அடியில் பூட்டத்தக்க பெட்டி ஒன்று வைத்து, அதில் நீர் வடியத் துளையும் அமைத்திருந்தது. பனிக்கட்டி நிரப்பிக் குளிர்பானம் வைக்கலாம் என்பதே அதன் பெருமை. அங்கே உல்லாசப் பயணத்துக்கு வந்த அதே துளை இங்கே பிழைப்புக்கு வந்தது. ஒன்றை வசதி என்கிறோம், மற்றதைத் தேவை என்கிறோம். துளை என்னவோ ஒன்றுதான்.

இருள் சூழ்ந்த நாட்கள்

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இம்மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். மின்கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. சிற்றூர்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏறாது. குடிக்க நீர் கிடையாது. அப்போது ஜெனரேட்டர்களைச் சிறு சுமையுந்துகளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்று மோட்டாரை இயக்கி நீர் ஏற்றினர். 2018இல் கஜா புயலின்போது டெல்டா மாவட்டங்களிலும் இதுவே நடந்தது. மேடு பள்ளமான சாலையில், விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு போகும் வண்டியில் ஜெனரேட்டர் நகராமல் இருந்தது பக்கப் பலகையின் கொக்கிகளில் இழுத்துக் கட்டிய கயிற்றால்தான்.

2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலம் பனியில் உறைந்து மின்சாரம் இன்றித் தவித்தபோது, அவ்வாண்டின் போர்டு எஃப்-150 கலப்பின வண்டியின் தட்டில் இருந்த மின்செருகிகள் செய்தியாயின. 7.2 கிலோவாட் வரை மின்சாரம் தரும் அவ்வண்டியிலிருந்து வீட்டுக்கு விளக்கும் கணப்பும் எரித்தனர். வண்டித் தட்டில் மின்செருகி எதற்கு, வெறும் ஆடம்பரம் என்று முந்திய ஆண்டு எவரேனும் எழுதியிருந்தால் அவரை நாம் குறை சொல்ல இயலாது. உமணர் வண்டியின் சேம அச்சும் பெரும்பாலான பயணங்களில் வீண் சுமைதானே?

தட்டில் மனிதர்

இதுவரை சொன்னது சுமைக்கான கதை. தட்டின் வசதிகளில் இரண்டு உயிரைக் குடிப்பதும் உண்டு.

ஒன்று, பின்கதவு. அதைத் தாழ்த்திச் சங்கிலியில் நிறுத்தினால் தட்டு நீளும். 1925இலிருந்தே அதற்காகத்தான் அது அங்கு இருக்கிறது. நம் சாலைகளில் இது இரும்புக் கம்பி ஏற்றுவதற்கான உரிமமாகப் பொருள் கொள்ளப்பட்டது. கம்பி பல அடி பின்னே நீட்டிக்கொண்டு போகும், முனையில் சிவப்புத் துணி ஆடும். இரவில் துணி தெரியாது. பின்னால் வந்து மோதியவரின் நிலையை விவரிக்க வேண்டியதில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இவ்வாறு சுமை வெளியே நீட்டுவதற்கு 20,000 ரூபாய் தண்டம் விதிக்கிறது; மிகைச் சுமைக்கும் தண்டம் 20,000 ரூபாயிலிருந்தே தொடங்குகிறது. மயில்தோகைக்கு வள்ளுவர் விதித்த தண்டம் அச்சு முறிதலோடு நின்றது.

மற்றொன்று, தாழ்வு. கூடையை எளிதில் இறக்கலாம் என்றோம். எளிதில் மனிதரும் ஏறலாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் அதிகாலையில் புறப்படும் பெண்கள், துக்க வீட்டுக்குப் போகும் உறவினர், கோயிலுக்குப் போகும் குடும்பத்தார் என்று குட்டியானையின் தட்டில் நின்றும் குந்தியும் செல்வோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். சுமையுந்தில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். வண்டி சிறிது, அகலம் குறைவு; ஆட்கள் நிற்கும்போது பாரம் மேலே கூடிவிடும்; வளைவில் கவிழும். செய்தித்தாள்களில் இவ்விபத்துகள் நான்கு வரியில் முடிந்துவிடுகின்றன.

ஏறுபவரைக் கடிந்துகொள்வது எளிது. விடியுமுன் வயலுக்குப் போகப் பேருந்து உண்டா, உண்டென்றால் வரப்பு வரை வருமா என்று கேட்டால் கடிந்துகொள்பவரிடம் விடை இருப்பதில்லை. பெரும்பாணாற்றுப்படையின் வண்டியில் பெண்ணுக்கும் குழந்தைக்கும் இடம் இருந்தது, கூரை இருந்தது. இன்றைய சுமையுந்தின் வரைபடத்தில் தட்டில் மனிதருக்கு இடமில்லை. இருக்கவும் கூடாது, வேகம் அப்படி. ஆனால் மனிதர் அங்கே இருக்கிறார்கள்.

நம் பகுதிப் பட்டறைகளில் அண்மைக்காலமாகப் பக்கப் பலகைக்கு மேலே இடுப்புயரத்துக்கு இரும்புக் குழாயைச் சுற்றிலும் பற்றவைத்துத் தருகின்றனர். கேட்டால் வைக்கோல் சரியாமல் இருக்க என்பர், தக்காளிப் பெட்டியை மேலும் ஓர் அடுக்கு ஏற்ற என்பர். முளைக்கம்பின் இன்றைய வடிவம் அது என்று நாமும் எண்ணியதுண்டு. ஆனால் அக்குழாயில் நடுப்பகுதியின் வண்ணம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது, வரிசையாக, ஒரு கைப்பிடி அளவுக்கு ஒரு கைப்பிடி இடைவெளி விட்டு. பிடித்துக்கொள்ள ஏதேனும் இருந்தால் முன்பு ஏற அஞ்சியவரும் ஏறுகின்றனர்.